குகை தேடிய ஃபூட்

இயற்கையழகு தேடி ஊர்சுற்றிய பயணிகளைக் கேலிச் சித்திரங்களில் எள்ளி நகையாடியவர் இங்கிலாந்தின் ரௌலண்ட்சன். அப்பயணிகளுக்குக் குகை வெறும் வேடிக்கைப் பொருள். அந்நாட்டிலேயே 1834இல் பிறந்த இராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கோ, அது மாந்தர் வரலாறு புதைந்துகிடக்கும் ஏடு.

1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்த அவர், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்நாட்டு மாந்தரின் தொன்மையை அக்கல் உலகுக்கு உணர்த்திற்று. யாழ்ப்பாணத்தில் தமிழ்ப்பணியாற்றிய பெர்சிவல் பாதிரியார் அவருடைய மாமனார் ஆவார்.

1884இல் கர்நூல் மாவட்டத்துப் பில்லசுர்கம் குகைகளை ஃபூட் ஆராய்ந்தார். அகழ்வுப்பணியை மகன் ஹென்றி தொடர்ந்தார். காண்டாமிருகம் முதலிய விலங்குகளின் எலும்புகளோடு, எலும்பாலான கருவிகளும் கிடைத்தனவென இருவரும் அறிவித்தனர். அறிஞர் சிலர் ஐயுற்றனர். 1970களில் அவ்வட்டாரத்துக் குகையொன்றில் நிகழ்ந்த அகழாய்வு எலும்புக் கருவிகளை வெளிக்கொணர்ந்து, அவர் கூற்றுக்கு வலுச் சேர்த்தது.

அதனைக் காண அவர் இல்லை. வாழவந்தி முதலிய சிற்றூர்கள் சூழ்ந்த சேர்வராயன் மலையில் முதுமையைக் கழித்த அவர், அங்கும் புதிய கற்காலக் கருவிகளைத் திரட்டினார். 1912இல் கல்கத்தாவில் மறைந்தார். அவருடைய சாம்பல் ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. கற்களைத் தேடித் திரிந்தவர் கல்மலையிலேயே அமைதி கொண்டார்.