ரொட்டியைச் சந்தேகித்த டாக்டர்

நாற்பது வயது ஆள். பல மாதமாக வயிற்றுப்போக்கு. ரத்தசோகை. எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை. சோதித்துப் பார்த்த டாக்டர், இது சீலியாக் நோய் என்கிறார். இதற்கு மாத்திரை கிடையாது, ஊசியும் கிடையாது. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் ஆயுள் முழுவதும் விட்டுவிட வேண்டும். அதுதான் மருந்து!

இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த டாக்டர் வில்லெம் டிக்கே.

அவர் 1905-ம் ஆண்டு டோர்டிரெக்ட் நகரில் பிறந்தார். லைடனில் மருத்துவம் படித்தார். பிறகு ஹேக் நகரில் உள்ள ஜூலியானா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1936-ல் அதன் தலைமை டாக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 31.

சீலியாக் நோய் கண்ட குழந்தைகளைப் பார்த்தால் மனம் பதறும். கை கால்கள் குச்சி போல இருக்கும். வயிறு மட்டும் பானை போல உப்பியிருக்கும். பல குழந்தைகள் இறந்து போயின. காரணம் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் ஒரு டாக்டர், 1924-ம் ஆண்டில் வாழைப்பழப் பத்தியம் கொடுத்துப் பார்த்தார். குழந்தைகள் தேறின. வாழைப்பழத்துக்குத்தான் அந்த மகிமை என்று நினைத்தார்கள். அந்தப் பத்தியத்தில் ரொட்டி கிடையாது. அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை!

டிக்கேக்கு வழி காட்டியவர் ஒரு தாய் என்று சொல்வார்கள். ரொட்டியை நிறுத்தினால் அவருடைய குழந்தையின் உடம்பில் இருந்த தடிப்பு மறைந்தது. மறுபடி கொடுத்தால் திரும்ப வந்தது. படிக்காத பேச்சு என்று டிக்கே அதைத் தள்ளிவிடவில்லை. நோயாளிக் குழந்தைகளுக்குக் கோதுமையை நிறுத்திப் பார்த்தார். குழந்தைகள் தேறின. 1941-ல் இதைப்பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்.

ஆனால் அப்போது உலகப்போர். ஹாலந்து, ஜெர்மன் படையின் பிடியில் இருந்தது. ஒரு சிறு நாட்டு டாக்டர் எழுதியதை யார் கவனிப்பார்கள்?

1944-ம் ஆண்டு இறுதியில் மேற்கு ஹாலந்தில் கடும் பஞ்சம் வந்தது. உணவு வரும் வழியை ஜெர்மானியர் அடைத்துவிட்டார்கள். கால்வாய்களும் பனியில் உறைந்தன. ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூடத் தின்றார்கள். ஏறக்குறைய 20 ஆயிரம் பேர் மடிந்தார்கள்.

ஊரே மெலிந்தது. சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறின! காரணம், ரொட்டி இல்லை. பிறகு 1945-ல் நேச நாடுகளின் உதவியால் ரொட்டி வந்தது. ஜனங்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். அந்தக் குழந்தைகளோ மறுபடி படுத்துவிட்டன. பஞ்சத்தில்தான் டிக்கேக்கு இந்த யோசனையே வந்தது என்று சிலர் எழுதுவது தவறு. யோசனை முன்பே இருந்தது. பஞ்சம் அதற்குச் சாட்சி சொன்னது.

சாட்சி மட்டும் போதாது என்று அவர் நினைத்தார். வான் டி காமர் என்ற ரசாயன நிபுணர் துணைக்கு வந்தார். குழந்தைகளின் மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாகப் போகிறது என்று அளந்தார்கள். கோதுமை கொடுத்தால் கொழுப்பு கூடியது, நிறுத்தினால் குறைந்தது. 1950-ல் டிக்கே இதை எழுதி டாக்டர் பட்டம் பெற்றார்.

கோதுமையில் கெடுதல் செய்வது எது? மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவினால், மாச்சத்து கரைந்து போகும். ரப்பர் போன்ற பசை மிஞ்சும். பரோட்டா மாவு இழுபடுவது இந்தப் பசையால்தான். இதன் பெயர் குளுட்டன். இதுவே குற்றவாளி என்று அவர்கள் கண்டார்கள். இந்த நோய் உள்ளவர்களின் உடம்பு, குளுட்டனைப் பகைவனாக எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் குடலின் உட்சுவர் புண்ணாகிறது.

1957-ல் டிக்கே உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவியில் நெடுநாள் இருக்கவில்லை. 1962-ல் காலமானார். வயது 57.

இது குழந்தைகளின் நோய் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். எந்த வயதிலும் வரும் என்பது இன்று தெரியும். பெரியவர்களுக்கும் டிக்கேயின் பத்தியமே சிகிச்சை. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம். ரவை, மைதா, சேமியா கூடாது, எல்லாம் கோதுமைதான். பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலப்பது உண்டு. டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். சப்பாத்தி மாவு உருட்டிய பலகையில் இவர்களுக்கு உணவு செய்யக் கூடாது.

இன்னொன்று. நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்ததும், தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம்.