பின்சில்லுக்குப் பாரம் தேடிய மனிதர்: சிட்னி அலார்ட்

மிச்சத்தில் இருந்து தூட்டிங், பல்ஹம் தாண்டி வடக்கே சில மைல் போனால் கிளப்பம் வரும். நம்மவர்கள் பலர் வேலைக்குப் போய்வரும் வழி அது. அந்தக் கிளப்பத்தில்தான் ஒரு காலத்தில் அலார்ட் கார்கள் செய்யப்பட்டன. கால் மைல் நேர்ப்பாதையில் இரண்டு கார்கள் சீறிப் பாயும் டிராக் றேஸ் போட்டி பிரித்தானியாவில் வேரூன்ற உழைத்த சிட்னி அலார்ட்டின் தொழிற்சாலை அது.

ஊரில் மாட்டுவண்டிலில் மூட்டை ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று தெரியும். முன்னுக்குப் பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னுக்குக் கூடினால் வண்டில் மல்லாந்துவிடும். அலார்ட் தம் வாழ்நாள் முழுவதும் போட்டதும் ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான்.

1910 இல் பிறந்த அலார்ட், பட்னியில் குடும்பத்தினருக்கு இருந்த அட்லார்ட்ஸ் என்ற போர்ட் கார்க் கடையில் தொழிலில் இறங்கினார். அக்காலத்தில் சேறு நிறைந்த செங்குத்தான மேடுகளில் கார் ஏற்றும் போட்டிகள் நடந்தன. எஞ்சினுக்கு எவ்வளவு வலு இருந்தாலும், பின்சில்லுகள் நிலத்தை அழுத்திப் பிடிக்காவிட்டால் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால் கூட இருப்பவர் பின்பக்கம் சாய்ந்து குதித்துக் குதித்துப் பாரம் கொடுப்பார். 1936 இல் போர்ட் வி-8 எஞ்சினைப் பூட்டி அலார்ட் தமது முதல் காரைக் கட்டியது இந்த மேடுகளுக்காகத்தான்.

போர்க்காலத்தில் அவரது பட்டறை இராணுவ வண்டிகளைத் திருத்தியது. 1945 இல் அலார்ட் மோட்டர் கம்பனி தொடங்கியது. 1949 இல் பிரித்தானிய மலையேற்றப் போட்டியின் சம்பியன் ஆனார். அந்தக் காரின் பின் அச்சில் பிடிமானத்துக்காக இரட்டைச் சில்லுகள் பூட்டியிருந்தார். 1950 இல் லு மான் 24 மணிநேர ஓட்டத்தில் மூன்றாம் இடம். 1952 இல் தாம் கட்டிய காரைத் தாமே ஓட்டி மொன்டே கார்லோ றாலியை வென்றார்.

அந்தச் சிறிய தொழிற்சாலையில் வேலை செய்தவர்களில் ஒருவர் சோரா ஆர்கஸ்-டன்டொவ். நாசிகளின் பிடியில் இருந்து தப்பி ஓடிய யூதர். பின்னாளில் அமெரிக்காவின் கோர்வெட் காரைப் பெயர்பெறச் செய்தவர் அவரே.

ஆனால் பெரிய கம்பனிகளின் மலிவான கார்களோடு போட்டியிட அலார்ட்டால் முடியவில்லை. ஏறக்குறைய 1,900 கார்களோடு உற்பத்தி ஓய்ந்தது. வேறொருவர் என்றால் அத்தோடு ஒதுங்கியிருப்பார். அவரோ ஐம்பது வயதுக்குப் பிறகு, 1961 இல், கிறைஸ்லர் எஞ்சின் பூட்டிய டிராக்ஸ்டர் ஒன்றைக் கட்டினார்.

டிராக்ஸ்டரின் சூட்சுமம் இதுதான். கார் திடீரெனப் பாயும்போது அதன் பாரம் பின்னுக்குச் சாய்கிறது. பின்சில்லுகள் தரையை இறுக்கிப் பிடிக்கின்றன. அளவு மீறினால் முன்சில்லுகள் மேலே கிளம்பிவிடும், திருப்பவும் முடியாது. அதற்காகத்தான் உடலை ஒல்லியாக நீட்டி, தேவையான இடத்தில் ஈயக்கட்டி வைப்பார்கள். எவ்வளவு பாரம் என்பதோடு எந்த இடத்தில் என்பதும் முக்கியம்.

1964 இல் டொன் கார்லிட்ஸ் முதலான அமெரிக்க ஓட்டுநர்களை அழைத்து, விமானத் தளங்களில் டிராக் விழா நடத்துவதற்கு அலார்ட் முன்னின்றார். 1966 ஈஸ்டர் விடுமுறையில் பெட்போர்ட்ஷயரின் பழைய விமானத் தளம் ஒன்றில் சான்டா பொட் ஓடுபாதை திறக்கப்பட்டது. அந்த விடுமுறை முடிந்த கையோடு, ஏப்ரல் 12 ஆம் திகதி, அலார்ட் காலமானார். அதே இரவில் கிளப்பம் தொழிற்சாலையில் தீப்பிடித்துக் கம்பனியின் ஏடுகளில் பெரும்பகுதி எரிந்துபோனது.

1981 இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டதை மறக்காத நமக்கு இந்த இடத்தில் நெஞ்சு கனக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் எரிந்த பின் என்ன மிஞ்சும் என்ற கேள்வி ஒன்றுதான். அலார்ட்டின் கார்களை வாங்கியவர்கள் அவற்றைக் காத்தார்கள். 1951 இலேயே அவர்கள் சங்கம் அமைத்திருந்தார்கள். அந்த டிராக்ஸ்டரும் பிற்காலத்தில் ஆர்வலர்களால் திருத்தி எடுக்கப்பட்டது. கம்பனியிடம் இல்லாமல் போனது, ஆட்களிடம் இருந்தது.

நம் வீட்டு அலுமாரிகளிலும் ஊர்க் கடிதங்கள், உறுதிகள், மங்கிய படங்கள் கிடக்கின்றன. வீடு மாறும்போது வீண் பாரம் என்று எறியாதிருப்போம். வண்டி மேடு ஏறுவதற்குச் சில பாரங்கள் தேவை. நாம் வாழும் ஊரின் பெயரும் மிச்சம் அல்லவா?