தான் நடக்க முடியாமலே பிறரை நடக்க வைத்தவர்: வைத்தியர் மேரி வர்கீஸ்

கிளினிக் நாட்களில் நாவிதன்வெளியில் இருந்து கல்முனைக்குப் போகும் காலை பஸ்ஸில் ஏறினால் எல்லாம் தெரிந்த முகங்களாகவே இருக்கும். வயலில் குனிந்து நிமிர்ந்தே முழங்கால் தேய்ந்துபோன அம்மாமார், மோட்டார் சைக்கிளில் விழுந்து காலுக்குள் கம்பி வைத்திருக்கும் இளைஞர்கள், தோளைத் தூக்க முடியாத மேசன்மார். ஷெல் துண்டை இன்னும் உடம்புக்குள் சுமக்கிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். கிட்டங்கித் தாம்போதியைக் கடக்கும்போது ஒவ்வொருவரும் தங்கள் நோவைப் பற்றிக் கதைப்பார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

1990ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது எனக்குப் பதினொரு வயது. இடது முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு துண்டு பாய்ந்தது. உயிர் தப்பியதே பெரிய காரியம். புண் ஆறியது, தையல் வெட்டினார்கள், அனுப்பிவிட்டார்கள். இனி என்ன செய்ய வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. முகாமில் அம்மா என் காலைத் தலையணைமேல் நீட்டி வைத்து, மாதக்கணக்கில் அசைய விடாமல் பார்த்துக்கொண்டார். எழும்பி நடக்கத் தொடங்கியபோது முழங்கால் மடங்கவில்லை. இன்றுவரை அது முழுதாக மடங்குவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இயன்மருத்துவர்தான் எனக்கு விஷயத்தை விளங்கப்படுத்தினார். என் முழங்காலை இறுக்கியது ஷெல் துண்டு அல்ல, அதற்குப் பிறகு வந்த அசையாமைதான். மூட்டு என்பது அசைவதற்காகவே உள்ள உறுப்பு. அசைக்காமல் விட்டால் அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கும், சவ்வுகள் ஒட்டும், தொடைத் தசை மெலியும். என்னில் பாசம் வைத்து அம்மா செய்ததுதான் என் காலைப் பூட்டியது. இதை அவரிடம் நான் ஒருபோதும் சொல்லவில்லை.

காயம் ஆறுவதோடு சிகிச்சை முடிந்துவிட்டதாக நினைப்பது எங்கள் வீட்டின் பிழை மட்டும் அல்ல. ஒரு காலத்தில் மருத்துவ உலகமே ஏறத்தாழ அப்படித்தான் நினைத்தது. மீதிப் பாதிச் சிகிச்சையும் வைத்தியசாலையின் கடமைதான் என்பதை எங்களுக்கு அருகிலேயே, தமிழ்நாட்டில், நிலைநாட்டிய ஒருவர் இருந்தார். சிகிச்சைக்காக வேலூருக்குப் போய் வந்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. ஆனால் அங்கே வாழ்ந்து மறைந்த வைத்தியர் மேரி வர்கீஸின் கதையை அறிந்தவர்கள் குறைவு. போர் தின்ற உடம்புகளோடு வாழும் நாங்கள் அறிந்திருக்க வேண்டிய கதை அது.

ஒரு நொடியில் வைத்தியர் நோயாளியானார்

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கேரளத்தில் கொச்சியை அடுத்த செறாய் என்ற ஊரில் பிறந்தார். வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். மருத்துவம் படிக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர் 1900ஆம் ஆண்டில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை அது. 1918இல் அங்கே பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியும் தொடங்கியது. ஆண் வைத்தியரிடம் காட்ட மறுத்துப் பெண்கள் பிரசவத்தில் இறந்துகொண்டிருந்த காலத்தில் எழுந்த நிறுவனம். மேரிக்கும் பெண்நோயியல், மகப்பேற்று மருத்துவத்தில்தான் நாட்டம் இருந்தது.

படிப்பை முடித்து அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்த மேரி, 1954 ஜனவரியில் சக வைத்தியர்களோடு ஒரு சுற்றுலாவுக்குக் கிளம்பினார். வழியில் வாகனம் உருண்டது. அவருடைய முகத்தில் ஆழமான வெட்டு விழுந்தது, முள்ளந்தண்டு நொறுங்கியது. கண் விழித்துப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. அவருக்கு அப்போது 28 வயது.

முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் அறுந்தால் மீண்டும் ஒட்டாது. கால்கள் மட்டும் போவதில்லை. சிறுநீர், மலம் கழிப்பதன் கட்டுப்பாடும் போகும். தோலுக்கு நோவு தெரியாததால் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும் இடத்தில் படுக்கைப் புண் வரும். அந்தப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே இவ்வகை நோயாளர்களை வழமையாகக் கொன்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன் முண்ணாண் அறுந்தவர்கள் நீண்ட காலம் வாழ்வார்கள் என்று எந்த நாட்டிலும் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு வைத்தியர் என்ற முறையில் மேரிக்கு இதெல்லாம் தெரியும். தன் உடம்பில் என்ன நடந்திருக்கிறது என்பதை அவருக்கு யாரும் மறைக்க முடியாது. அறிந்துகொண்டே படுத்திருப்பது எத்தகைய வேதனை என்பது, வன்னியிலும் கிழக்கிலும் அப்படிப் படுத்தவர்களுக்கும் அவர்களைப் புரட்டிப் போட்ட உறவுகளுக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இருந்தபடியே செய்யக்கூடிய சத்திரசிகிச்சை

மேரியைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் போல் பிராண்ட். ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளர்களின் முடங்கிய கைகளைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தும் முறையை அங்கே வளர்த்துக்கொண்டிருந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றுதான் ஊர் நம்பியது. உண்மையில் நரம்பு கெட்டு நோவு தெரியாமல் போவதால், சூடும் வெட்டும் உரசலும் பட்டுப் பட்டே விரல்கள் சிதைகின்றன என்பதை அவர் உலகுக்குக் காட்டினார்.

அவர்தான் மேரியிடம் ஒரு யோசனையை வைத்தார். கைச் சத்திரசிகிச்சை என்பது கால் உள்ள வைத்தியரும் கதிரையில் இருந்தே செய்யும் வேலை. நோயாளியின் கை ஒரு சிறு மேசையில் நீட்டப்பட்டிருக்கும், வைத்தியர் அதன் அருகே இருப்பார். அப்படியென்றால் அதைச் சக்கர நாற்காலியில் இருந்து ஏன் செய்யக் கூடாது?

முதலில் மேரியே நம்பவில்லை. அதற்கு முன் அவர் நிமிர்ந்து இருக்கப் பழக வேண்டும். அதற்காக முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சைகளும் நீண்ட காலப் பயிற்சியும் தேவைப்பட்டன. இருக்கப் பழகியவர் பிறகு கத்தியும் பிடித்தார்.

தொழுநோயில் முழங்கையிலும் மணிக்கட்டிலும் உள்ள நரம்புகள் செயலிழந்தால் விரல்கள் நகம்போல உள்ளே வளைந்துவிடும், பெருவிரல் மற்ற விரல்களைத் தொடாது. சோறு பிசைய முடியாது, மண்வெட்டி பிடிக்க முடியாது. முன்கையில் இன்னும் உயிரோடு உள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைத்துத் தைப்பதுதான் அந்தச் சத்திரசிகிச்சை. அதன்பின் சில வாரங்கள் கை பிளாஸ்டரில் இருக்கும். பிளாஸ்டரை வெட்டியதும் வேறொரு வேலை தொடங்கும். முன்பு வேறு வேலை செய்த தசைக்கு இப்போது விரலை நிமிர்த்தும் வேலையைப் பழக்க வேண்டும். நாள்தோறும் பயிற்சி. அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் விரல் அசையாது.

சத்திரசிகிச்சை பாதி, பயிற்சி மீதி என்ற உண்மை மேரிக்குத் தன் உடம்பாலும் தெரிந்தது, தன் நோயாளர்களின் கைகளாலும் தெரிந்தது. ஊர் தொடப் பயந்த கையைத் தொட்டுத் தைத்த வைத்தியரும் எழும்ப முடியாதவர். அந்த அறையில் இரண்டு பக்கமும் நோயாளிகள்தான். அவர் சொல்லும் பயிற்சியைச் செய்ய மாட்டேன் என்று சொல்ல எந்த நோயாளிக்கு வாய் வந்திருக்கும்?

போரில் பிறந்த மருத்துவம்

தன் உடம்பைத் தானே நிர்வகிக்கக் கற்றுக்கொள்ள மேரி அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குப் போனார். அங்கே முண்ணாண் பாதிக்கப்பட்டவர்கள் கட்டிலில் இருந்து நாற்காலிக்குத் தாங்களே மாறினார்கள், தாங்களே குளித்தார்கள், வேலைக்குப் போனார்கள். பிறகு புலமைப்பரிசில் பெற்று நியூயோர்க்கில் வைத்தியர் ஹவார்ட் ரஸ்க் நடத்திய புனர்வாழ்வு நிலையத்தில் பயின்றார்.

இந்த மருத்துவத் துறையை வளர்த்தது போர். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட விமானப்படையினர் வைத்தியசாலைக் கட்டில்களில் சும்மா கிடந்து வீணாவதைப் பார்த்தே ரஸ்க் இந்த வழிக்கு வந்தார். இங்கிலாந்தில் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில், நாசி ஜெர்மனியில் இருந்து தப்பி வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன் 1944இல் முண்ணாண் காயக்காரருக்கான பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் போடுதல், சிறுநீர்ப் பராமரிப்பு, வேலை, விளையாட்டு. இவற்றாலேயே மரணத்தைத் தள்ளிப்போட்டார். 1948இல் அவர் அங்கே நடத்திய சிறு விளையாட்டுப் போட்டியில் இருந்துதான் இன்றைய பராலிம்பிக் வளர்ந்தது. பெரிய அரசுகள் தங்கள் படையினருக்காக வளர்த்த அந்த அறிவை, வண்டியில் இருந்து விழுந்தவருக்கும் பனையில் இருந்து விழுந்தவருக்கும் உரியதாக்க நினைத்தவர் மேரி.

1963இல் வேலூரில் உடலியல் மருத்துவ, புனர்வாழ்வுத் துறைக்கு அவர் தலைவரானார். 1966இல் நோயாளர்கள் தங்கியிருந்து பயிற்சி பெறும் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. நியூயோர்க்கில் மின்தூக்கியும் சமதளமான நடைபாதையும் உண்டு. வேலூர்க் கிராமத்தில் வாசற்படி, மணல் ஒழுங்கை, கிணறு, குந்தியிருக்கும் கழிப்பறை. போதாததற்கு வறுமை. ஆகவே நோயாளியோடு வரும் உறவினரும் கற்றாக வேண்டும். எப்படிப் புரட்டுவது, மூட்டை எப்படி மடக்கி நீட்டுவது, தோலில் சிவப்பு விழுந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் வீட்டில் செய்யப்போகிறவர் உறவினர்தான். பிழைப்புக்கு ஒரு தொழிலும் வேண்டும்.

1972இல் இந்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1976இல் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற மேரி, 1986 டிசம்பரில் காலமானார். விபத்தின் பின் 32 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவர் தொடங்கிய நிலையம் இன்று அவருடைய பெயரோடு இயங்குகிறது.

எங்கள் பக்கத்துக்கு வேண்டியது

நான் மேரி வர்கீஸை ஒரு புனிதராக நினைப்பதில்லை. எல்லோராலும் அவரைப்போல ஆக முடியாது. அவருக்கு நல்ல குடும்பம் இருந்தது, படிப்பு இருந்தது, அருகில் போல் பிராண்ட் இருந்தார், கடல் கடந்து கற்கும் வாய்ப்பும் இருந்தது. எங்கள் ஊர்ப் பையனுக்கோ பெண்ணுக்கோ இவை இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் அவருடைய மனவலிமையை மட்டும் புகழ்ந்தால், எழும்ப முடியாமல் போன எங்கள் மக்களிடம் மனவலிமை இல்லை என்று பழி சுமத்தியதாகிவிடும். உதவி கிடைத்த ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத்தான் அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

எங்கள் பக்கத்தில் என்பு முறிந்தால் சிலர் நெரிவு முறிவு வைத்தியரிடம் போகிறோம், சிலர் கல்முனையில் ஆதார வைத்தியசாலைக்கோ அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ போகிறோம். எங்கே போனாலும் கட்டு அவிழ்த்த நாளில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எப்போதிருந்து அசைக்கலாம், எப்படி அசைப்பது, எத்தனை தடவை? பிளாஸ்டருக்குள் கால் இருக்கும்போதே விரல்களை அசைக்கலாமா, தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தலாமா என்றும் கேட்டுவிடுங்கள். முழங்கால் தேய்ந்த அம்மாமாருக்கும் மருந்தோடு தொடைத் தசைக்கான பயிற்சி உதவும். சக்கர நாற்காலியில் இருப்பவர், இருக்கும் இடத்தில் இருந்து அடிக்கடி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும்.

பயிற்சிச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதல்ல. வாரக்கணக்கில் போக வேண்டும். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் ஊன்றுகோல்காரர் எப்படிக் கடப்பது? இரண்டு கிழமை தவறினாலே மூட்டு இறுகத் தொடங்கும். ஆகவே ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள சத்திரசிகிச்சைக் கூடத்தைப்போலவே, ஆற்றுக்கு இந்தப் பக்கம், அன்னமலைக்கும் சவளக்கடைக்கும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும் பயிற்சியும் முக்கியமானது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து கேட்கக்கூடிய விஷயம் இது. முழங்கால் நோவில் இரண்டு சமூகங்களுக்கும் வேறுபாடு இல்லை.

இப்போது ஒவ்வொரு காலையும் வாசல் திண்ணையில் இருந்து இடது காலை மடக்கி மடக்கி நீட்டுகிறேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் திரும்பப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முன்பு ஏற முடியாத பஸ் படியில் இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறேன்.