வலியோட நடந்தவர்



எனக்கு மூணு வருசமா சரவாங்கி. காலையில எந்திரிச்சா விரல் மடங்காது. வீட்டுல பனியன் துணிக்குப் பிசிறு வெட்டிட்டு இருந்தேன், அதை விட்டுட்டேன். குழுவுல தீர்மானப் புத்தகம் எழுதுறதையும் விட்டுடலாம்னு இருந்தப்பத்தான், மலருக்கு ஒரு தலைவரைப் பத்தி எழுதச் சொன்னாங்க. நம்ம பக்கத்து ஈரோட்டுக்காரர் தந்தை பெரியாரை எடுத்துக்கிட்டேன். சாமி விசயத்துல அவர் சொன்னது எனக்கு ஒத்து வராதுங்க. ஆனா அவர் வலியோட வாழ்ந்த விதம் எனக்கு வேண்டியிருந்தது.

1879 செப்டம்பர் 17-ல் ஈரோட்டில் வசதியான வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். ஈரோடு நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1929-ல் செங்கல்பட்டில் அவர் கூட்டிய சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேணும்னு தீர்மானம் போட்டாங்க. பெரியார்ங்கிற பட்டமே பெண்கள் கொடுத்ததுதான். 1938-ல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் அந்தப் பேரை வெச்சாங்க.

வயசான காலத்துல உடம்பு ரொம்பவே படுத்துச்சு. குடலிறக்கம் ஒரு பக்கம். சிறுநீர் போறதுக்குக் குழாய் மாட்டி, பாத்திரத்தையும் கூடவே வெச்சுக்கிட்டுத்தான் வேன்ல ஊர் ஊராப் போனார். இந்த நிலையில வெளிய வர்றதான்னு அவர் கூச்சப்படலை. தூக்கி உட்கார வைக்க ஆள் வேணும்ங்கிறதையும் ஒத்துக்கிட்டார். மணியம்மையார் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டாங்க.

1973 டிசம்பர் 19-ல் சென்னை தியாகராய நகர் கூட்டத்தில் பேசிட்டு இருக்கும்போதே வலி வந்துடுச்சு. அத்தனை பேர் முன்னாடி அம்மான்னு கதறினார். கொஞ்சம் அடங்கினதும், விட்ட இடத்துல இருந்து பேச்சைத் தொடர்ந்தார். அதுதான் கடைசிக் கூட்டம். டிசம்பர் 24-ல் வேலூர் மருத்துவமனையில் காலமானார். வயசு 94.

செங்கல்பட்டுத் தீர்மானம் போட்டு 60 வருசம் கழிச்சு, 1989-ல்தான் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்குன்னு தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நாமெல்லாம் வலியை வெளிய சொல்லவே கூச்சப்படுறோம். முந்தானையைக் கடிச்சுக்கிட்டு அடுப்படியில நிக்கிறோம். இல்லைன்னா, வலி போகட்டும், அப்புறம் வெளிய போலாம்னு மூலையில உட்கார்ந்துக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கதறினாலும் தப்பில்லை, கதறின பிறகு வேலை மிச்சம் இருக்குதுன்னு அவர்கிட்ட இருந்து தெரிஞ்சுக்கிட்டேன்.

என் வலி போகலைங்க. மாத்திரையை விடாம சாப்பிடுறேன். எழுத முடியாத வாரம் ஒரு உறுப்பினரோட மகள் எழுதுறா, நான் பக்கத்துல உட்கார்ந்து கணக்குச் சொல்றேன். முன்னெல்லாம் உதவி கேட்கக் கௌரவம் பார்ப்பேன். இப்ப பார்க்கிறதில்லை. இந்தக் கட்டுரையையும் நாலு நாளா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் எழுதி முடிச்சேன்.