பாறைகளைப் படித்த பிளான்போர்டு

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவார்க்குக் காவிரியும், அதனையடுத்துத் திருவரங்கத் தீவும், அப்பால் கொள்ளிடமும் தோன்றும். காலடியில் இருப்பது 83 மீட்டர் உயரமுள்ள பாறை. கண்ணெதிரே இருப்பது ஆறு கொணர்ந்து குவித்த வண்டல். பாறை நிலையானது, மணல் நிலையற்றது என்றே பலரும் கருதுவர். மலையே மணலாகிறது என்பதையும், கடலடி மணல் மீண்டும் மேடாகிறது என்பதையும் இந்நகருக்கு வடகிழக்கேயுள்ள நிலத்தில் ஆராய்ந்து கண்டவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு.

இவர் 1834 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் பிறந்தார். அங்குள்ள அரசினர் சுரங்கப் பள்ளியில் பயின்றார். 1855 இல் தமையனார் வில்லியமுடன் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து கல்கத்தா வந்தார். அப்பொழுது அவருக்கு அகவை 21. ஒரிசாவின் தால்சேரில் முதற்பணி முடிந்தபின் தென்னாட்டு ஆய்வில் ஈடுபடலானார்.

ஊட்டத்தூர், காரை, அரியலூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் வெயில் காயும் வறண்ட நிலம். கடல் கிழக்கே நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் அம்மண்ணில் கல்லாகிப்போன சிப்பிகளும், சுருண்ட ஓட்டினையுடைய அம்மோனைட்டுகளும் கிடைத்தன. பிளான்போர்டு வருமுன்னரே சிலர் அவற்றைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பியிருந்தனர். சிப்பிகளைப் பொறுக்குதல் எளிது. எந்த அடுக்கு எதன்மேல் கிடக்கிறது என்று தெளிதலே அரிது. பிளான்போர்டு அந்நிலமெங்கும் திரிந்து, அடுக்குகளின் சரிவை நோக்கிப் படம் வரைந்தார். அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

முதல் தொகுதிக்கும் இரண்டாம் தொகுதிக்கும் இடையே அவர் ஓர் இடையறவைக் கண்டார். கீழடுக்கின் மேற்பரப்பு அரிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் கருங்கல் உருளைகள் கலந்த சரளை படிந்திருந்தது. கடலடி ஒருகால் உயர்ந்து நிலமாயிற்று. மழையும் ஆறும் அதனை அரித்தன. பின்னர்க் கடல் மீண்டும் புகுந்தது. அக்கடலில் பழைய மலைகளின் துண்டுகள் வந்து விழுந்தன. ஏட்டில் கிழிந்துபோன பக்கமும் செய்தி சொல்லும் என்பதற்கு இது சான்று. ஆண்டுக்கணக்கு மட்டும் அவரிடம் இல்லை. கடல் புகுந்து ஏறத்தாழப் 10 கோடி ஆண்டுகள் ஆயின என்பது பிற்காலத்தார் கண்டது.

நிலத்தின் மேலோடு அடியிலுள்ள அடர்ந்த பொருளின்மீது மிதக்கிறது என்னும் கருத்தை ஜார்ஜ் ஏரி என்பார் வெளியிட்டதும், பிளான்போர்டு இந்தியா வந்த அதே 1855 இல்தான். பாரம் இறக்கிய பரிசல் நீர்மேல் எழுவதுபோல, தேய்ந்த மலை அடியிலிருந்து உயர்கிறது. உயர்ந்தது மேலும் தேய்கிறது. பூமியின் ஆழத்தில் உருவான மலைக்கோட்டைப் பாறை, தன்மேற் கிடந்த சுமையெல்லாம் அரிபட்டுப் போனபின் வெளிப்பட்டதே.

1862 இல் பிளான்போர்டின் ஆய்வுரை வெளிவந்தது. ஆனால் வெயிலிலும் அலைச்சலிலும் உடல்நலம் குன்றியமையால், அவ்வாண்டிலேயே அத்துறையை விட்டு விலகினார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகி, வானிலையைக் கற்கத் தொடங்கினார். 1875 இல் தோன்றிய இந்திய வானிலைத் துறைக்கு அவரே முதல் தலைவர். மலைகளைக் கரைத்த மழையின் பழைய வேலையைப் படித்தவர், பெய்யும் மழையை அளப்பவரானார். 1893 இல் இங்கிலாந்தில் காலமானார்.

அவர் ஆராய்ந்த அந்நிலத்திலே, சாத்தனூரில், 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடந்தது. அதனை 1940 இல் உலகறியச் செய்தவர் தஞ்சை மாவட்டத்தவரான நிலவியலறிஞர் ம. சீ. கிருஷ்ணன்.