இரும்பு மீனைக் கடலில் விட்டவர்
டார்பிடோவைக் கண்டுபிடித்த ராபர்ட் ஒயிட்ஹெட்டின் கதை

நடுக்கடலில் ஒரு போர்க்கப்பல் போகிறது. கப்பலைச் சுற்றி இரும்புக் கவசம். மேல் தளத்தில் பெரிய பெரிய பீரங்கிகள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை எதிரிக் கப்பல் எதுவும் இல்லை.

திடீர் என்று ஒரு வெடி! கப்பலின் அடிவயிற்றில் ஓட்டை விழுகிறது. கடல் நீர் உள்ளே பாய்கிறது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிப் போகிறது.

தாக்கியது எது? நீருக்கு அடியில் தானாக ஓடி வந்த ஓர் இரும்பு மீன். அதன் பெயர்தான் டார்பிடோ.

ஆள் இல்லாமல், கடலுக்கு அடியில், தானே ஆழம் பார்த்து ஓடும் யந்திரத்தைச் செய்து வெற்றி கண்டவர் ராபர்ட் ஒயிட்ஹெட். இன்று பல நாடுகள் ஆள் இல்லாத நீர்மூழ்கி யந்திரங்களைச் செய்து வருகின்றன. அவற்றுக்கு எல்லாம் பாட்டன், ஒயிட்ஹெட் செய்த மீன்தான்.

பகலில் பட்டறை, இரவில் படிப்பு

ஒயிட்ஹெட் 1823-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி பிறந்தார். ஊர், இங்கிலாந்தில் உள்ள போல்ட்டன். பஞ்சாலைகள் நிறைந்த ஊர் அது. அவருடைய தந்தை துணி வெளுக்கும் தொழில் நடத்தி வந்தார்.

14 வயதில் ராபர்ட், மான்செஸ்டர் நகரில் ஒரு யந்திரப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். பகல் முழுவதும் பட்டறையில் வேலை. இரவில், தொழிலாளர்களுக்காக நடந்த கல்விக்கூடத்தில் படிப்பு. அங்கே யந்திரங்களின் படம் வரையக் கற்றுக்கொண்டார். சுத்தியல் பிடிக்கவும் தெரியும். பென்சில் பிடிக்கவும் தெரியும். இந்த இரண்டும்தான் அவருடைய முதல்.

பிழைப்பைத் தேடிப் பிரான்சுக்குப் போனார். பிறகு மிலான் நகருக்குப் போனார். மிலான் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. அங்கே பட்டு நெசவு யந்திரங்களைத் திருத்தி அமைத்து, அரசாங்கத்திடம் காப்புரிமை வாங்கினார்.

1848-ல் புரட்சி வெடித்தது. புதிய ஆட்சி, பழைய காப்புரிமைகள் செல்லாது என்று அறிவித்துவிட்டது. பாடுபட்டுச் சேர்த்த உரிமை ஒரே நாளில் காற்றோடு போயிற்று.

ஒயிட்ஹெட் சோர்ந்து உட்காரவில்லை. கடற்கரை நகரமான டிரியெஸ்டுக்குப் போய், கப்பல் எஞ்சின் வேலையில் இறங்கினார். 1856-ல் பியூமே துறைமுகத்தில் ஒரு தொழிற்சாலைக்கு மானேஜர் ஆனார். அதே பியூமேதான் இன்று குரோஷியா நாட்டில் ரியேக்கா என்ற பெயரில் இருக்கிறது.

ஆஸ்திரியக் கடற்படையின் கப்பல்களுக்கு அந்தத் தொழிற்சாலை எஞ்சின் செய்து கொடுத்தது. 1866-ல் லிஸ்ஸா கடற்போரில் இத்தாலியின் பெரிய போர்க்கப்பலை முட்டி மூழ்கடித்த ஆஸ்திரியக் கப்பலில் ஓடியதும் அந்த எஞ்சின்தான்.

கயிறு கட்டிய படகு

1864-ல் ஒருவர் ஒயிட்ஹெட்டைத் தேடி வந்தார். பெயர் லூப்பிஸ். ஆஸ்திரியக் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி. அவர் கையில் ஒரு யோசனை இருந்தது.

எதிரிக் கப்பல் கரையை நெருங்கினால் என்ன செய்வது? ஒரு சிறு படகில் வெடிமருந்தை நிரப்ப வேண்டும். அதில் ஆள் கிடையாது. கடிகாரத்தில் இருப்பது போன்ற சாவி யந்திரம் படகை ஓட்டும். கரையில் இருப்பவர்கள் நீண்ட கயிறுகளைப் பிடித்து, அதை இப்படியும் அப்படியும் திருப்புவார்கள். படகு கப்பலில் மோதியதும் வெடிக்கும். இதற்குக் கரை காப்பான் என்ற பொருள் வரும் பெயரை வைத்திருந்தார் லூப்பிஸ்.

கடற்படை அதிகாரிகள் இது நடக்காத காரியம் என்று தள்ளிவிட்டார்கள். ஒயிட்ஹெட் தள்ளவில்லை. லூப்பிசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு படகைத் திருத்திப் பார்த்தார். ஆனால் அது சரிப்பட்டு வரவில்லை. மேலே மிதந்து வரும் படகை எதிரி பார்த்துவிடுவான். பார்த்தால் சுட்டுவிடுவான். கயிறோ எட்டும் தூரம்தான் எட்டும்.

ஒயிட்ஹெட் யோசித்தார். கயிறே வேண்டாம்! படகு மேலேயும் வேண்டாம்! நீருக்கு அடியில், யார் கையும் படாமல், தானாகவே ஓடட்டும் என்று முடிவு செய்தார்.

வேலை ரகசியமாக நடந்தது. கூட இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் நம்பிக்கையான ஒரு தொழிலாளி. இன்னொருவன் ஒயிட்ஹெட்டின் மகன் ஜான். மீன் உருவானபோது சிறுவனுக்கு வயது 12.

ஆழம் அறிந்த ரகசியம்

1866-ல் மீன் தயாராயிற்று. நீளம் 11 அடி. எடை சுமார் 136 கிலோ. மூக்கில் 8 கிலோ வெடிமருந்து. வயிற்றில், அழுத்தி அடைத்த காற்று. சைக்கிள் டியூபில் அடைத்த காற்று சீறிக்கொண்டு வெளியே வருவது போல, அந்தக் காற்று சீறி வந்து எஞ்சினைச் சுற்றும். வாலில் உள்ள விசிறி நீரைத் தள்ளும். மீன் மணிக்கு 7 மைல் வேகத்தில், ஏறக்குறைய 600 அடி தூரம் ஓடியது.

ஆனால் ஒரு பெரிய குறை. ஒரு தடவை ஆழத்துக்குப் போய் மறையும். இன்னொரு தடவை துள்ளி நீர்மட்டத்துக்கு வந்துவிடும். ஆழமாகப் போனால் கப்பலுக்கு அடியில் கடந்து போகும். மேலே வந்தால் எதிரி கண்ணில் படும். ஒரே ஆழத்தில் அதை ஓட வைப்பது எப்படி?

ஒயிட்ஹெட் இரண்டு ஆண்டு பாடுபட்டார். விடை கண்டார்.

கிணற்றில் ஆழமாக முங்கினால் காது அடைத்து வலிக்கும். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடும் என்பதே காரணம். அந்த அழுத்தத்தை உணரும் ஒரு தகட்டை மீனில் பொருத்தினார். மீன் ஆழம் போனால் நீர் தகட்டை உள்ளே அழுத்தும். தகடு வால் துடுப்பை அசைக்கும். மீன் மேலே திரும்பும்.

அது மட்டும் போதவில்லை. மேலே திரும்பிய மீன் அளவுக்கு மீறி ஏறிவிடும். ஆகவே, கொத்தனார் சுவர் பார்க்கும் தூக்குக் குண்டு போல, ஓர் ஊசல் குண்டையும் உள்ளே தொங்கவிட்டார். மீன் சாய்ந்தால் குண்டும் நகர்ந்து சாய்வைச் சரிசெய்யும். தகடும் குண்டும் சேர்ந்து வேலை செய்தன. மீன் ஒரே மட்டத்தில் ஓடியது!

1868-ல் முடிந்த இந்த ஏற்பாட்டுக்கு ரகசியம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மிலானில் காப்புரிமையை இழந்த ஒயிட்ஹெட், இதற்குக் காப்புரிமை கேட்கவே இல்லை. பூட்டிய அறையில் வைத்துக் காத்தார்.

எல்லா நாட்டுக்கும் விற்பனை

ஆஸ்திரியா முதலில் வாங்கியது. ஆனால் தனக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று தடுக்க அதனிடம் பணம் இல்லை. மற்ற நாடுகளுக்கும் வழி திறந்தது.

1870-ல் ஒயிட்ஹெட் மீன்களை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். ஆற்று முகத்துவாரத்தில் சோதனை நடந்தது. நூறு முறைக்கு மேல் விட்டுப் பார்த்தார்கள். சோதனைக்காக நிறுத்திய ஒரு பழைய கப்பல் அடிபட்டு மூழ்கியது. அடுத்த ஆண்டு 15,000 பவுன் கொடுத்து, டார்பிடோ செய்யும் உரிமையை பிரிட்டிஷ் அரசாங்கம் வாங்கியது. பிறகு பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ருஷ்யா என்று ஒவ்வொரு நாடாக வந்தன.

நடுவே ஒரு சோதனை. 1873-ல் அவர் நடத்திய கம்பெனி நொடித்துவிட்டது. ஒயிட்ஹெட் தம் மருமகனான ஹோயோஸ் பிரபுவுடன் சேர்ந்து தொழிற்சாலையை மீட்டார். 1875 முதல் டார்பிடோவே முழுநேரத் தொழில் ஆயிற்று.

லூப்பிஸ் அதே ஆண்டு இறந்தார். கரையைக் காக்கப் பிறந்த யோசனை, அதற்குள் சந்தைச் சரக்கு ஆகியிருந்தது. ஒரு நாடு வாங்கினால் அதன் எதிரியும் வாங்கினான்.

போரில் முதல் பலி

1877-ல் பெரு நாட்டுக் கலகக்காரர்களின் கப்பல் மீது ஒரு பிரிட்டிஷ் கப்பல் டார்பிடோவை விட்டது. கப்பல் விலகித் தப்பிவிட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் கருங்கடலில் பட்டூமி துறைமுகத்தில் ருஷ்யர்கள் விட்ட டார்பிடோ தவறவில்லை. துருக்கிக் கப்பல் ஒன்று மூழ்கியது. தானாக ஓடும் டார்பிடோவுக்கு இதுவே முதல் பலி.

1891-ல் சிலி நாட்டில் உள்நாட்டுப் போர். இரும்புக் கவசம் பூண்ட பெரிய போர்க்கப்பல் ஒன்றைச் சிறு கப்பல் ஒன்று டார்பிடோவால் மூழ்கடித்தது. உலகக் கடற்படைகள் நடுங்கின. யானையை எறும்பு கொன்ற கதை ஆயிற்று!

இன்னும் ஒரு குறை மிச்சம் இருந்தது. ஓடும் மீன் இடமோ வலமோ விலகிப் போகும். டிரியெஸ்டைச் சேர்ந்த ஓப்ரி என்பவர் இதற்கு வழி கண்டார். வேகமாகச் சுற்றும் பம்பரத்தை எளிதில் சாய்க்க முடியாது அல்லவா? அப்படிப்பட்ட சுழல் சக்கரத்தை மீனுக்குள் வைத்தார். மீன் திசை மாறினாலும் சக்கரம் மாறாது. துடுப்பைத் திருப்பி, மீனைப் பழைய வழிக்குக் கொண்டு வந்துவிடும். இந்த உரிமையை ஒயிட்ஹெட் வாங்கினார். மீன் ஆழமும் அறிந்தது, திசையும் அறிந்தது.

பேத்தி விட்ட கப்பல்

தொழில் பழகும் பையனாக வாழ்வைத் தொடங்கிய ஒயிட்ஹெட், பெரும் செல்வர் ஆனார். ஆஸ்திரியச் சக்ரவர்த்தி விருது கொடுத்தார். இங்கிலாந்தில் மாளிகை வாங்கினார். தகப்பனுக்குத் துணையாக இருந்த மகன் ஜான் 1902-ல் இறந்துவிட்டார். ஒயிட்ஹெட் 1905-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி இங்கிலாந்தில் காலமானார். வயது 82.

முதல் உலகப் போரை அவர் பார்க்கவில்லை. அவருடைய குடும்பம் பார்த்தது.

ஜானின் மகள் அகாதே. 1909-ல் பியூமேயில் ஒயிட்ஹெட் கம்பெனி கட்டிய ஒரு நீர்மூழ்கிக் கப்பலை, அந்தப் பெண்தான் பெயர் சூட்டிக் கடலில் விட்டாள். பிறகு ஜார்ஜ் பான் டிராப் என்ற கடற்படை அதிகாரியை மணந்தாள். 1915-ல் அதே நீர்மூழ்கிக்கு அவரே தலைவராக இருந்தார். அதில் இருந்து அவர் விட்ட டார்பிடோக்கள் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலை மூழ்கடித்தன. 684 பேர் மாண்டார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு ஜெர்மன் டார்பிடோ, லூசிட்டானியா என்ற பிரயாணிக் கப்பலைத் தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் உட்படச் சுமார் 1,200 பேர் பலியானார்கள். அந்த மீனுக்குப் போர்க்கப்பலும் ஒன்றுதான். பிரயாணிக் கப்பலும் ஒன்றுதான்.

இன்றைய பேரன்கள்

1943-ல் கப்பலின் சத்தத்தைக் கேட்டுத் துரத்தும் டார்பிடோ வந்தது. 2003-ல் ஈராக் போரில், ஆள் இல்லாத சிறு நீர்மூழ்கிகள் துறைமுகத்தில் கண்ணிவெடிகளைத் தேடின. மனித உயிருக்கு வர வேண்டிய ஆபத்தை யந்திரம் ஏற்றுக்கொண்டது. இந்தியாவும் விசாகப்பட்டினத்தில் வருணாஸ்திரம் என்ற டார்பிடோவை உருவாக்கி, 2016-ல் கடற்படையில் சேர்த்தது.

இப்போது இந்த யந்திரங்களை ஒன்றோடு ஒன்று பேச வைக்கும் வேலை நடக்கிறது. கடல் நீரில் ரேடியோ அலை வெகுதூரம் போகாது. ஆகவே அவை ஒலியால் பேசிக்கொள்கின்றன. ஒன்று காவல் இருக்கும். ஒன்று தேடிப் போகும். நீர்மட்டத்தில் உள்ள மற்றொன்று கரைக்குச் செய்தி அனுப்பும். அறுந்த கயிற்றுக்குப் பதிலாக ஒலியால் ஒரு கயிறு!

ஆழத்தையும் திசையையும் ஒயிட்ஹெட் காலத்திலேயே யந்திரம் கற்றுக்கொண்டது. யாரைத் தாக்கலாம், யாரைத் தாக்கக்கூடாது என்பதை மட்டும் அது கற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பொறுப்பு அன்றும் அதை ஏவிய மனிதனுடையதே. இன்றும் மனிதனுடையதே.