பிரித்துப் பார்த்த ஜி.டி. நாயுடு

1893-இல் கோவை அருகே கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடுவுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் ஆசை பிடித்தது. ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து வாங்கினார். வாங்கியவர் ஓட்டித் திரியவில்லை, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டு மாட்டினார்!

1920-இல் பொள்ளாச்சி–பழனி பஸ் ஓட்டினார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் அமையக் காரணமானவரும் அவரே. 1974-இல் மறைந்தார்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்; இஞ்சின் பற்றிக் கேட்க ஆளில்லை. மில்லர்புரத்தில் ஸ்பானர் பிடிக்கக் கை நடுங்கும்போது இவரைத்தான் நினைப்பேன். ஸ்டார்ட்டரும் மோட்டார்தானே? 'டிக்' சத்தம் வந்தும் சுற்றலையா, முதலில் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர். பிறகு சொலினாய்டு கான்டாக்ட். அப்புறம்தான் கழற்றி கார்பன் பிரஷைப் பார்க்கணும்.